அம்மாவின் பங்குச் சுவர்

அம்மா பிரசங்கம் செய்யக் கற்றது பூட்டிய கேட்டுகளுக்கு வெளியே நின்று. குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலை அவளுக்கு. வாசலில் நின்று "மீட்டர்!" என்று கத்த வேண்டும். நாய் குரைக்கும். உள்ளே டிவி ஓடும். யாரும் வர மாட்டார்கள். கதவு திறக்கும் வரை கத்துவாள். அதே குரலோடுதான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்தில் ஏறுவாள். மைக்கைத் தள்ளி வைத்துவிடுவாள். எல்லோருக்கும் அவள் மீட்டரம்மா.

பிரசங்கிக்க யாரும் அவளுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. எங்கள் சபை சின்னது. போதகருக்கு வேறு சபைகளும் இருந்ததால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் யாராவது பேசியாக வேண்டும். சபைச் செயலாளர் ஒருமுறை முயன்றார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் கண்டக்டர் மாமா. சீக்கிரமே சரக்குத் தீர்ந்துபோய், "முன்னாடி காலியா இருக்கு, எல்லாரும் உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார். அடுத்த வாரம் அம்மா ஏறினாள்.

அவளுக்கு ஒரே பொருள்தான்: இடிந்ததை மறுபடி கட்டுவது. எலியா சிதறிக் கிடந்த பலிபீடத்தின் கற்களைப் பொறுக்கி அடுக்கியது. குயவன் கெட்டுப்போன களிமண்ணைத் தூக்கி எறியாமல் மறுபடி பிசைந்தது. ஆலயத்துக்கு மறு அஸ்திவாரம் போட்ட நாளில் பழைய ஆலயத்தைப் பார்த்த கிழவர்கள் அழ, மற்றவர்கள் ஆர்ப்பரிக்க, எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று யாராலும் பிரித்தறிய முடியாமல் போனது. எல்லாவற்றுக்கும் மேலே நெகேமியா. எருசலேமின் மதிலைக் கட்டப் போன அந்த மனுஷரை அம்மா தன் அலுவலகத்து ஆள் மாதிரிதான் பேசுவாள்.

"அவரும் கவர்மென்ட் வேலைதான். ராஜாவுக்குத் திராட்சரசம் ஊத்திக் குடுக்கிற உத்தியோகம். சொல்லாம கொள்ளாம ஓடிப் போனாரா? இல்ல. லீவு கேட்டாரு. 'எப்ப திரும்பி வருவே'ன்னு ராஜா கேட்டாரு. தேதி சொல்லிட்டுத்தான் போனாரு."

இந்தப் பொருளை அவள் விடாததற்குக் காரணம் இருந்தது. கட்டடச் சாவி யாரிடம் இருப்பது என்ற சண்டையில் சபை உடைந்து, சில குடும்பங்கள் போய்விட்டன. அதில் தையல்காரர் குடும்பமும் ஒன்று. அவர் வீட்டு மீட்டரை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அம்மா வாரந்தோறும் பார்த்தாள்.

"ஏங்க்கா, அதுக்குள்ள மீட்டர் ஓடிடுச்சா?"

"மீட்டர் ஓடுதுப்பா. நீதான் நின்னுட்ட."

அவர் கதவைச் சாத்துவார். அடுத்த வாரம் மறுபடி "மீட்டர்!" இப்படியே வருஷங்கள் போயின. அம்மா ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மீட்டர் பார்ப்பது நிற்கவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. சபைக்குப் பின்னால் ஓடும் கால்வாய் பொங்கி, சுற்றுச்சுவரின் ஒரு பக்கம் முழுவதும் விழுந்தது. வேறு யாருக்காவது அது செலவாகத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு அது பிரசங்கமாகத் தெரிந்தது. எருசலேமில் அவரவர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள் அல்லவா? இங்கேயும் அப்படியே. குடும்பத்துக்கு ஒரு பங்கு. அவரவர் செங்கல், அவரவர் கை. ஒருவர் பங்கை இன்னொருவர் தொடக் கூடாது. அந்தந்தக் குடும்பம்தான் அதற்குப் பொறுப்பு. போனவர்களுக்கும் பங்கு ஒதுக்கினாள். தன் பங்குக்கு அடுத்த பங்கை, கேட்காமலே, தையல்காரருக்கு ஒதுக்கிவிட்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

"உன் பங்கு சும்மா கிடக்கு. நாய் வருது உள்ள."

அவர் வந்தார்.

நான் கட்டுமானப் பொறியாளர். சுமை கணக்குப் போடுவது என் தொழில். அந்தச் சமயம் விடுமுறையில் வந்திருந்தேன். வேலை நடந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைத் தனியாக எழுப்பி, ஓரத்தை நேராக முடித்துவிட்டு, கைகழுவிக் கொண்டிருந்தது. பங்குக்கும் பங்குக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு.

"அம்மா, இது ஒரு சுவர் இல்ல. பக்கத்துல பக்கத்துல நிக்கிற தனித்தனிச் சுவர்."

"எல்லாரும் ஒண்ணாத்தானே கட்டுறோம்?"

"ஒரே நேரத்துல கட்டுறீங்க. ஒண்ணா கட்டல."

வீட்டுக்கு வந்து காகிதத்தில் வரைந்து காட்டினேன். பங்கின் ஓரத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, செங்கல் பாதி வெளியே நீட்ட வேண்டும், பல் மாதிரி. அடுத்த பங்குக்காரர் அந்தப் பற்களுக்கு நடுவே தன் செங்கலைச் செருக வேண்டும். அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடிக்கும்.

அம்மா படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"நெகேமியா எந்தக் காலேஜ்ல படிச்சாரு?" என்றாள்.

அந்த ஞாயிறு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"அவங்க மதில் கட்டுறப்ப தொபியான்னு ஒருத்தன் வந்தான்," என்றாள் பீடத்திலிருந்து. "ஒரு நரி ஏறினாலே இது இடிஞ்சு விழுந்துடும்னு கிண்டல் பண்ணினான். நமக்கும் ஒரு தொபியா வந்திருக்கு. டிகிரி வாங்கின தொபியா. அதுவும் என் வயித்துலயே மகளா வந்து பொறந்திருக்கு."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். கணக்கில் தோற்றால் மறுபடி போட்டுக் காட்டலாம். வேதத்து வில்லன் ஆக்கிவிட்டால் அப்பீலே கிடையாது. அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். தொலைபேசியை எடுத்தாலே, "என்ன தொபியா, சாப்டியா?"

போன மாதம் அம்மா இறந்தாள். சமையலறையில் விழுந்து கிடந்தாள். விழுவதற்கு முன் அடுப்பை அணைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு நன்றி சொல்ல சபைக்குப் போனேன். கால்வாயைத் தூர்வாரியவர்கள் சேற்றையெல்லாம் சுவரின் முதுகில் குவித்து வைத்திருந்தார்கள். ஈரமான மண். வீட்டுச் சாவிக்கொத்தை நூலில் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டேன். மேலே ஒட்டிய நூல் கீழே கையகலம் விலகி நின்றது. சுவர் உள்பக்கம் சாய்ந்திருந்தது. உள்பக்கம்தான் காலை நிழல். நிழலில்தான் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகள் பாய் போட்டு உட்காருவார்கள்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் நிறுத்தினேன். போதகர் வந்திருந்த ஞாயிறு அது.

"மழை வர்றதுக்கு முன்னால இந்தச் சுவரை இறக்கியாகணும் மாமா."

கண்டக்டர் மாமா கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்கம்மா குழியில மண்ணு இன்னும் காயல."

"இந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கிற மண்ணும் காயல. அதுதான் பிரச்சினை."

"அக்கா பேரைச் சுவர்ல பொறிக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்," என்றார் தையல்காரர். "நீ இடிக்கணுங்கிற."

"கட்டினதை விடாமப் பிடிச்சுக்கணும்னுதானே அவங்க கடைசி வரைக்கும் சொன்னாங்க?" என்றது ஒரு பெண்குரல். பின்வரிசையிலிருந்து யாரோ மெதுவாக, "தொபியா" என்றார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

போதகர் நல்லவர். "ஜெபிச்சு முடிவெடுப்போம். அடுத்த மாசம் நான் வரும்போது பேசிக்கலாம்."

அடுத்த மாதம் மழை. அதைச் சொன்னேன். தலையாட்டினார். நகராட்சிக்குப் போனேன், தனியார் இடம், சபைக் குழு எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். பிள்ளைகளின் பாய்களை நானே இழுத்து மறுபக்கம் போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் நிழலுக்கே வந்துவிட்டார்கள். "வெயில்ல உக்காந்தா பாட்டு வராதுங்க," என்றாள் அவர்களுக்குக் கற்பிக்கும் பெண். இவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அத்தனை பேரும் அம்மாவுக்கு உண்மையாக இருந்தார்கள். அவள் கட்டிய தப்புக்கும் சேர்த்து.

அம்மா வீட்டுக்குத் திரும்பி, அவளுடைய குடையையும் செருப்பையும் என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய சட்டமே நினைவுக்கு வந்தது. ஒருவர் பங்கை இன்னொருவர் தொடக் கூடாது. அப்படியென்றால் அவள் பங்கு என் பங்கு.

சனிக்கிழமை காலை கடப்பாரையோடு போனேன். கண்டக்டர் மாமா கேட்டை மறித்தார்.

"என் பங்கை நான் இறக்குறேன். மத்தவங்க பங்கைத் தொட மாட்டேன். இது அம்மா போட்ட சட்டம்தானே?"

அவர் வழிவிட்டார்.

கூலிக்கு வந்த ஆட்கள் முதலில் சுவரின் முதுகிலிருந்த சேற்றை வாரி அப்புறப்படுத்தினார்கள். அடுத்த பங்குகள் சாயாமலிருக்க மரமுட்டுக் கொடுத்தேன். பிறகு மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கலாக எடுக்க ஆரம்பித்தேன். எங்கள் பங்கின் ஒரு முனை மூலைத் தூண். மறுமுனையில் தையல்காரரின் பங்கு. அவர் கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார். கல்லறைத் தோட்டத்தில் நிற்பவர் மாதிரி நின்றார்.

பூச்சை உரித்தபோது, இரண்டு பங்குக்கும் நடுவே விரலகலம் பிரிந்திருந்த இணைப்பைப் பார்த்தேன். அம்மாவின் பக்கத்தில் ஒரு வரிசைச் செங்கலின் முகம் வழவழவென்று இருந்தது. அடுத்த வரிசை உடைந்த முகம். அடுத்தது வழவழப்பு. அடுத்தது உடைசல். கீழே வரை அப்படியே. விரலை வைத்துத் தடவினேன்.

"மாமா, இதை யாரு வெட்டினது?" என்றேன் தையல்காரரிடம்.

"எதை? ஓ, அதுவா." அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அக்கா பக்கம் ஓரமெல்லாம் பல்லு பல்லா நீட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. மீட்டர் பாக்குற கை, பாவம், நூல் பிடிச்சுக் கட்டத் தெரியலன்னு நினைச்சேன். நான்தான் உளி வெச்சு வெட்டி நேராக்கிக் குடுத்தேன். தையக்காரன் கண்ணு, பிசிறு இருந்தாப் பொறுக்காது."

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்களே. நான் முடிக்கிற நேரத்துக்கு வந்தாங்க. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. 'ரொம்ப நேரா இருக்கு தம்பி'ன்னாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க. நான் சபைக்குத் திரும்ப வந்த புதுசு."

செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். நான் வரைந்ததை, வரைந்தபடியே, தன் கையால் பல் விட்டுக் கட்டியிருக்கிறாள். பீடத்தில் என்னைத் தொபியா ஆக்கிவிட்டு, அதே வாரமோ அடுத்த வாரமோ, தொபியா சொன்னபடி கட்டியிருக்கிறாள். மற்றவர்களுக்கும் செய்து காட்டத்தான் ஆரம்பித்தாளோ என்னவோ. இவர் வெட்டி முடித்திருந்தார். வெட்டியது தப்பென்று சொன்னால் இவர் முகம் வாடும். வாடினால் மறுபடி கதவு சாத்தப்படும். அதனால் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சுவரா தையல்காரரா என்று பார்த்து, தையல்காரரை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனை தொலைபேசிப் பேச்சு! ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவள் இல்லை. யாரிடம் போய்க் கத்துவது?

"ஏம்மா அழறே? கல்லு கால்ல விழுந்துடுச்சா?"

"உங்க டேப்பைக் குடுங்க."

அவருடைய பங்குக்கும் எங்கள் பங்குக்கும் இடையே, நான் இன்னும் பிரிக்காத கீழ்வரிசையின் இணைப்பில் டேப்பின் நுனியைச் செருகினேன். தடையே இல்லை. தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. பின்பக்கம் நின்ற ஆள், "இந்தப் பக்கம் வந்துடுச்சு!" என்று கத்தினார்.

தையல்காரர் டேப்பைப் பார்த்தார். உடைந்த முகங்களைப் பார்த்தார்.

"அப்ப... நான் வெட்டினது?"

அம்மா சொல்லாததை நான் சொன்னேன். "அந்தப் பல்லுதான் ரெண்டு பங்கையும் பிடிக்க வேண்டியது."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார். கண்டக்டர் மாமா என்னைப் பார்த்த பார்வையில், போச்சு, மறுபடி போய்விட்டார் என்பது இருந்தது. எனக்கும் அதே பயம்தான். அம்மா வருஷக்கணக்கில் கத்திக் கத்தித் திறந்த கதவை ஒரே வாக்கியத்தில் சாத்திவிட்டேன்.

ஆட்களுக்கு வாங்கிவந்த தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்தார். கையில் அதே உளியும் சுத்தியலும். யாரையும் பார்க்காமல் தன் பங்கின் மேல் வரிசையில் முதல் செங்கலைத் தட்டிக் கழற்றி, புல்லில் வைத்தார். இரண்டாவதைக் கழற்றினார்.

கண்டக்டர் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு தன் பங்கின் பக்கம் போய், மற்ற வீடுகளுக்கு ஆள் அனுப்பிவிட்டு, பழைய குரலில் அறிவித்தார்: "எல்லாம் இறங்கணும். கடைசி ஸ்டாப்பு."

தையல்காரர் திரும்பி வந்தார், அம்மா. நீயே அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. நிழல் இல்லாததால் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து சத்தம் போட்டார்கள். போதகர் வராத வாரம். கண்டக்டர் மாமா என்னிடம் வந்து, "ரெண்டு வார்த்தை பேசேன்," என்றார்.

"எனக்குப் பிரசங்கம் வராது."

"எனக்கும் வராதுதான். ஏறு."

ஏறினேன். மைக் தள்ளி வைத்தபடியே இருந்தது. என் குரல் முன்வரிசையைத் தாண்டாது என்று தெரிந்ததால் அதை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"முதல்ல அஸ்திவாரம். எல்லாப் பங்குக்கும் ஒரே ஆழம். அப்புறம் ஓரத்துல பல்லு விட்டுக் கட்டணும். பக்கத்துப் பங்குக்காரர் செங்கல் உங்க பங்குக்குள்ள வரும். வரட்டும். யாரும் வெட்டாதீங்க."

அவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். அது வேலைக்கான குறிப்பு.

"ஆமென்!" என்றார் தையல்காரர், அடித்தொண்டையிலிருந்து. பிறகு சபை முழுவதும் சொன்னது.

இது சுவரைப் பற்றி, சுவரைப் பற்றி மட்டும்தான் என்று விளக்கலாமா என்று ஒரு கணம் நின்றேன். கேட்க மாட்டார்கள். கால்வாய்ப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. "மழைக்கு முன்னால தோண்டணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.