மூடி வைத்த மைக்

அன்று இருந்தது நான், என் மனைவி, ஐந்தாவது படிக்கும் மகள் கவிதா, போனில் அவள் டீச்சர். பல்லடத்தில் எங்களுக்கு வீடும் விசைத்தறியும் ஒரே கூரை. ஊரடங்கு என்பதால் போனில்தான் வகுப்பு.

வகுப்புக்கு முன்பே டீச்சர் என் போனுக்குக் கூப்பிட்டார். "ஏனுங்க, கவிதா எதுக்கும் வாயே தொறக்கறதில்லைங்க."

"படிக்காதவளுக்குப் போனு எதுக்கு? இனி வகுப்பே வேண்டாம்," என்று கவிதாவிடமிருந்து வகுப்புப் போனைப் பிடுங்கிவிட்டேன்.

அவள் என் காதருகே வந்து கத்தினாள். "மைக்கத் தொறந்தா தறிச் சத்தம் கேக்குதுங்கப்பா. ரயிலு வருதுன்னு எல்லாரும் சிரிக்கறாங்க. அதான் மூடிப்போட்டேன்."

நானும் மனைவியும் தறிகளை நிறுத்தினோம். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இப்பச் சொல்லு, அம்மணி."

முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காதது இன்றும் உறுத்துகிறது.

அன்று அவள் சொன்ன பதில்கள் ஏழு.