ஆசிரியையின் பெயரில் ஒரு கராம்புத் தோட்டம்

பத்திரம் பதியும் நொத்தாரிசின் அறையில் அக்கா பேனாவைப் பிடித்தபடி இருந்த விதம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. 2010 மாசி மாதம். சுவிசின் லாங்கன்தாலில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. எங்கள் சப்பாத்துகளிலிருந்து கரைந்த பனி அந்த மரத் தரையில் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. மேசையில் ஒரேயொரு தாள். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், சுவிசை விட்டு நிரந்தரமாகப் போகிறார், தன் பென்சன் காசு முழுவதையும் எடுக்கிறார், அதற்கு மனைவி சம்மதிக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. நொத்தாரிசு ஒரு இளம்பெண். அக்கா இதைத் தன் விருப்பத்தோடு செய்கிறாரா என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார். கேட்டேன். அக்கா அத்தானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஓம் எண்டால் இந்த மனிசன் தெரியாத தேசத்திலை போய்ச் சாகும். இல்லை எண்டால் இஞ்சை என்ரை கண்ணுக்கு முன்னாலை சாகும். விருப்பம் எண்டு எதைச் சொல்லுறது, பிள்ளை?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நொத்தாரிசு காத்திருந்தார். கடைசியில் அக்கா, "ஓம் எண்டு சொல்லு" என்றாள். நான் ஜெர்மனில் "யா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனையோ வருடங்கள் பயந்திருக்கிறேன்.

அத்தான் அதிகம் கதைக்காத மனிதர். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தவர். முதலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு லாங்கன்தாலுக்கு வெளியே இருந்த தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடங்கள் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றார். நான் பதினைந்து வயதில் அவர்களிடம் வந்து சேர்ந்தபோது என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பதிந்தவரும், இரவல் ஜெர்மன் புத்தகங்களை முதுகில் சுமந்து வந்தவரும் அவர்தான். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் அவருக்கு ஒரு வீடும் தோட்டக் காணியும் இருந்தன. தொண்ணூறில் இராணுவம் அந்தப் பகுதியை வேலி போட்டு அடைத்தது. காணியின் உறுதிப் பத்திரத்தை அவர் ஒரு பிளாஸ்ரிக் உறையில் வைத்து, கடவுச்சீட்டுகளோடு சேர்த்துப் பூட்டியிருந்தார். 2009 வைகாசியில் வன்னியில் இருந்த அவருடைய தம்பியின் தொலைபேசி நின்றுபோனது. அதன் பிறகு தம்பியைப் பற்றி யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்தக் கோடை முழுவதும் அத்தான் வேலை முடிந்து வந்து, தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு அதற்கு முன்னால் இருப்பார்.

அவரோடு பக்கத்து இயந்திரத்தில் நின்ற இந்தோனேசியாவின் யாவாத் தீவுக்காரர் ஒருவர் அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அத்தானின் நிலையைப் பார்த்து, தன்னோடு வரச்சொல்லிக் கூட்டிப்போனார். நான்கு கிழமை. திரும்பி வந்தவரின் முகம் வேறாக இருந்தது. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து கதைத்தார். மலைச்சரிவில் நூறு வீடுகள்கூட இல்லாத ஒரு கிராமம். கீழே நெல், மேலே கராம்பு. "கராம்பு ஏழாம் வருசம் பூக்கும். பூத்தால் எங்கடை காலத்துக்கும் போதும்" என்றார். ஏன் யாழ்ப்பாணத்துக்குப் போகக்கூடாது என்று கேட்டேன். "அங்கை ஒரு சந்தியிலை ஆமிக்காரன் மறிச்சு 'எங்கை போறாய்' எண்டு கேட்டால், எனக்குக் கால் வேலை செய்யாது, பிள்ளை" என்றார். முதலீடு, காலநிலை, மலிவான காணி என்று மற்றவர்களுக்கு ஆயிரம் காரணம் சொன்னார். எனக்குச் சொன்னது அது ஒன்றைத்தான்.

அந்த நாட்டில் வெளிநாட்டவர் காணி வாங்க முடியாது. அங்கே போய்க் குடியேறும் பலர் செய்வதுபோல, உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் வாங்குவதென்று நகரத்துத் தரகர் வழி சொன்னார். பெயர் கொடுக்க முன்வந்தவர் அந்தக் கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியை. கணவனை இழந்தவர், இரண்டு மகன்மார். அவர்கள் பாஷையில் ஆசிரியையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்களோ, அத்தான் எங்களுக்குச் சொல்லும்போது 'ரீச்சர்' என்றே சொல்வார். அக்காவுக்கு இது தெரிந்த நாளிலிருந்து நித்திரை போய்விட்டது. "இருபத்தைஞ்சு வருசம் உழைச்ச காசு. ஆரோ ஒரு பொம்பிளையின்ரை பேரிலை. நாளைக்கு அவ 'என்ரை காணி, போ' எண்டு சொன்னால்?" என்று என்னிடம்தான் கேட்பாள். பாசல் நகரத்தில் வேலை செய்யும் மகன், "அப்பாக்கு விசர்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டான். அக்கா பேரப்பிள்ளைகளைச் சாட்டி லாங்கன்தாலிலேயே தங்கிவிட்டாள்.

2014 இல் அக்காவும் நானும் முதல்தடவை போனோம். அத்தான் கட்டியிருந்த வீடு சின்னது. மூன்று அறை, தகரக் கூரை, முன்னால் சீமெந்து போட்ட முற்றம். மேலே சரிவில் நான்கு வயதுக் கராம்பு மரங்கள். அவர் கறுத்து, மெலிந்து, பல் தெரியச் சிரித்தார். ஆனால் இரண்டாம் நாளே நான் ஒன்றைக் கவனித்தேன். ஆசிரியை பின்னேரம் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். வாசற்படிக்கு மேலே ஏறமாட்டார். அத்தானின் முகத்தைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்தபடி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அத்தானின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஆசிரியையின் மூத்த மருமகள் முற்றத்தில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். மரியாதை என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள்.

ஆறாம் நாள் காலை நிலம் அசைந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. அக்கா சமைத்துக்கொண்டிருந்த கரண்டியோடு முற்றத்துக்கு ஓடினாள். அத்தான் ஆறுதலாக வெளியே வந்து, "இது ஒண்டுமில்லை, மாதத்துக்கு ரெண்டு தரம் வரும்" என்றார். அக்கா கரண்டியை அவர் காலடியில் எறிந்தாள். "இதுக்கும் ஒரு மாதக் கணக்கு வைச்சிருக்கிறியளோ?" என்று கத்தினாள். திரும்பி வரும் விமானத்தில் அவள் எதையும் சாப்பிடவில்லை. மறுபடியும் அங்கே கால் வைக்கப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு மத்தியானம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவுக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது அத்தான் எடுத்தார். அவர் வேலை நேரத்தில் எடுப்பதேயில்லை.

"ரீச்சர் செத்துப்போட்டா, பிள்ளை. ரெண்டு நாள் காய்ச்சல். இண்டைக்குக் காலமை அடக்கம் முடிஞ்சுது."

"மகன்மார் என்ன சொல்லுகினம்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் பயமாயிருக்கு."

அக்காவுக்கு அன்று பின்னேரம் சொன்னேன். அவள் வரமறுத்தாள், ஆனால் என்னைப் போகச் சொன்னாள். ஒரு மாதம் கழித்து, மூன்று கிழமை லீவில் போனேன். வீட்டைச் சுற்றிப் புதிதாகக் கம்பி வேலி. படலையில் பூட்டு. என் குரல் கேட்ட பிறகும் அத்தான் யன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். கடைக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தார். மகன்மார் காணியை விற்கப் போகிறார்கள், தன்னைப் பிடித்துக் குடிவரவு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறார்கள், இரவில் கூரைக்குக் கல் எறியப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பயம் சொல்வார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்ததுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அந்த வீட்டில் மூன்றாம் நாளே நானும் திரைக்குப் பின்னால் நின்று பாதையைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

ஆசிரியையின் நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்த மறுநாள் பின்னேரம், மழை விட்ட பிறகு, பாதையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு மகன்மாரும், சீருடைபோல ஒரு காக்கிச் சட்டை போட்ட கிராமத் தலைவரும். எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது எங்கள் படலையைத் திறந்து வந்த சீருடைக்காரர்களை என் உடம்பு மறக்கவில்லை. "கதவைத் திறக்காதேங்கோ, அத்தான்" என்றேன். ஆனாலும் அவர் திறந்தார்.

அவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பாயில் இருந்தார்கள். நான் தேநீர் வைத்தேன். யாரும் தொடவில்லை. தலைவர் ஏதோ ஆரம்பித்தார். பிறகு மூத்த மகன் ஒரு கடதாசி உறையை இரண்டு கையாலும் பிடித்து அத்தானின் முன்னால் வைத்தான். முப்பது வயது மதிக்கத்தக்க பெரிய உடம்புக்காரன், நிலத்தைப் பார்த்தபடி பேசினான். எனக்குப் பாஷை தெரியாது. அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மெல்ல வெளிறியது.

"என்ன சொல்லுறான்?" என்றேன்.

"உறைக்குள்ளை அவையின்ரை வீட்டு வளவின்ரை உறுதி இருக்காம், தாய் ஈடு வைச்சதாம்." அத்தான் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கராம்பையும் காணியையும் எடுங்கோ, வித்துப்போட்டுப் போங்கோ, ஆனால் வீட்டை விட்டு எங்களை எழுப்பாதேங்கோ எண்டு கேக்கிறான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். காணி வாங்கியபோது நகரத்துத் தரகர் அவருடைய பாதுகாப்புக்காக இன்னொரு தாளும் எழுதியிருந்தார். ஆசிரியை அத்தானுக்குப் பெரிய கடன்காரி என்றும், அதற்கு ஈடாக அந்தக் காணியோடு தன் சொந்த வீட்டு வளவையும் வைக்கிறார் என்றும் அதில் இருந்தது. அப்படி ஒரு கடன் உண்மையில் இல்லவே இல்லை. ஆசிரியை காணியைத் தனதென்று சொல்ல நினைத்தால் பயப்படவேண்டும் என்பதற்காக எழுதியது. பெயர் கொடுத்ததற்குக் கிடைத்த சிறு தொகையில் இளையவனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பவேண்டியிருந்ததால் ஆசிரியை ஒப்பமிட்டார். அவர் வாசிக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு ஒப்பமிட்டவர்.

"உங்களுக்குத் தெரியுமோ, அதிலை வீட்டு வளவும் இருக்கெண்டு?"

"தெரியும் பிள்ளை. தெரிஞ்சுதான் வாங்கினனான்."

ஏழு வருடம் ஆசிரியை படி ஏறாமல் நின்றதும், மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. யன்னல் திரைக்குப் பின்னால் நின்று நாங்கள் பயந்துகொண்டிருந்த அந்த நாற்பது நாளும், கீழே அந்த வீட்டில் அவர்கள் எங்களுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அத்தான் எழும்பி உள்ளே போனார். அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். அதற்குள் இருந்த கடன் தாளைத் தலைவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். தலைவர் வாசித்தார். வாசித்து முடிந்ததும் அத்தான் அதை வாங்கி நான்காகக் கிழித்தார். வீட்டு உறுதி இருந்த உறையைத் திறக்காமலே மூத்தவனின் மடியில் வைத்தார். இளையவன் தலையைக் குனிந்து அழுதான். தேநீர் ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். நகரத்து நொத்தாரிசிடம் அந்த ஒப்பந்தத்தின் பிரதி இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் விட்டுவிடவேண்டாம் என்று கெஞ்சினேன். "நாளைக்குப் போகச் சொன்னால் எங்கை போவியள்? அக்காவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"போகச் சொன்னால் போறதுதான்." அவர் வாசற்படியில் இருந்தார். "எங்கடை வீட்டிலை ஆமிக்காரன் இருந்து சமைச்சுச் சாப்பிடேக்கை, அவனிட்டையும் ஒரு பேப்பர் இருந்திருக்கும், பிள்ளை. அந்தப் பேப்பரிலை எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கும்."

அடுத்த நாள் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் இரண்டு மணித்தியாலம் ஓடி நகரத்துக்குப் போனோம். அத்தான், நான், மூத்தவன். பிரதியையும் ரத்துச் செய்வித்து, முத்திரை குத்தி வாங்கினோம். திரும்பும் வழியில் அத்தான் மூத்தவனின் தோளில் சாய்ந்து நித்திரையானார். நான் மட்டும் முழித்திருந்தேன். இனி அந்த மண்ணில் அவருக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை என்பதே மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என் நினைவில் இருந்தது.

நான் பயந்ததில் பாதி நடந்தது. இரண்டு வருடம் கழித்து இளையவன் தன் பங்கென்று மேல்சரிவை நகரத்து வியாபாரி ஒருவருக்கு விற்றான். நன்றாகப் பூக்கத் தொடங்கியிருந்த மரங்கள் அதோடு போயின. அத்தானிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் விற்றான். மூத்தவன் அவனோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. வீடு நிற்கும் கீழ்த்துண்டு மூத்தவனிடம் இருக்கிறது. அத்தான் அங்கேதான் இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். மிஞ்சிய மரங்களின் கராம்பை இரண்டு வீடுமாகக் காயப்போடுகிறார்கள்.

அக்கா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். நான் அன்றைக்கு நொத்தாரிசிடம் அவள் சொன்னதை முழுதாக மொழிபெயர்த்திருக்கவேண்டும் என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். "சொல்லியிருந்தால் அந்தப் பெட்டை என்ன செய்திருப்பாள்? அவளுக்கும் பயம் வந்திருக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவள் வீட்டுக்குப் போவேன். கைப்பேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து அத்தானோடு கதைப்போம். விசா புதுப்பித்தாச்சோ, நிலம் ஆடினதோ, நெஞ்சுநோ என்ன மாதிரி என்று கேட்டுக்கேட்டுக் கடைசியில் அக்கா ஒவ்வொரு கிழமையும் அதே கேள்விக்கு வந்துசேர்வாள்.

"ஒரு பிடியும் இல்லாமல் இருக்கிறியளே, உங்களுக்குப் பயமாயில்லையோ?"

போன கிழமையும் கேட்டாள். அத்தானுக்குப் பின்னால் மூத்தவனின் மனைவி பாயில் கராம்பைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"பயம்தான், ஏன் இல்லை" என்றார். "ஆனால் இப்ப இஞ்சை பயப்பிடுறது நான் ஒரு ஆள் மட்டும்தான்."