கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு வலைப்பக்கம்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். போன வாரம் கம்ப்யூட்டர் முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆளுக்கொரு வலைத்தளம் தொடங்கப் போகிறீர்களாம். நட்சத்திரம் மின்ன வேண்டும் என்று ஒருவர், திறந்ததும் பாட்டு ஓட வேண்டும் என்று ஒருவர். "எதுப்பா நல்லாருக்கு?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு வந்தது பயம். அதை வாயால் சொல்லத் தெரியவில்லை, எழுதுகிறேன்.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். திண்டுக்கல் பழனி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கருகின செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, தம்பி பள்ளிக்கூடம் சேரவில்லை.

என் ரத்தம் பாம்பே குரூப் என்பது உங்களுக்குத் தெரியும். லட்சத்தில் ஒருவருக்கு இருக்குமோ என்னவோ, எனக்குக் கணக்குத் தெரியாது. அந்த வகை ரத்தம் உள்ளவருக்கு வேறு எந்த ரத்தமும் ஏற்ற முடியாது என்பது மட்டும் தெரியும். கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது ஒரு ரத்ததான முகாமில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அங்கே ஒரு நோட்டில் என் பெயரை எழுதி வைத்தார்கள். ஆனால் ஓர் ஊர் நோட்டில் இருப்பது இன்னோர் ஊருக்குத் தெரியாத காலம் அது. நான் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு அந்த நோட்டில் இருந்து என்ன பிரயோசனம்? அதோடு இன்னொன்று. உங்கள் அம்மா எனக்குச் சொந்த மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகளுக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லி, உங்கள் இருவருக்கும் பார்த்தோம். பாப்பாவுக்கு இருந்தது. அன்றிலிருந்து நீ சைக்கிளில் விழுந்து முழங்கால் சிராய்த்து வந்தாலும் துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடி வருவேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதன் உரிமையாளர் எனக்குப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை அடிப்பதும் அவர்தான். என் கவலையைக் கேட்டுவிட்டு, "அண்ணே, ஒங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டுருவோம். எந்த ஊர்லேருந்து தேடுனாலும் நீங்க கெடைப்பீங்க" என்றார். நல்ல யோசனை. இன்றைக்கும் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். நம்மைத் தேடுகிறவர் யார், எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவர் வந்து தட்ட ஒரு கதவு வேண்டும்.

ஆனால் நாங்கள் அந்தக் கதவைப் பத்திரிகை அடிக்கிற மாதிரி அடித்தோம். மேலே குலதெய்வம் துணை. இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. அதற்குக் கீழே பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பெயர்கள். என் மச்சான் பெயர் முதலில் விட்டுப்போய், "எம் பேரு இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு மாப்ள வரணும்?" என்று அவர் முறைத்துக்கொண்டதால் அவரையும் சேர்த்தோம். பிறகு கோட்டுப் போட்ட என் போட்டோ. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. பிறகு நான் பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது. ரத்தத்தைப் பற்றி அதற்கப்புறம்தான். கடைசியில் 'தங்கள் நல்வரவை நாடும்', அதன் கீழே கடை போன் நம்பர், வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும். பின்னணி முழுக்க நம் மலைக்கோட்டை. எழுத்தெல்லாம் மஞ்சள்.

நம்பரை மேலே போடலாமே என்று நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"பத்திரிகையில மண்டபம் அட்ரஸ் எங்கண்ணே இருக்கும்? கீழதான? மேல நம்பரப் போட்டா போர் போடுற கம்பெனி நோட்டீஸ் மாதிரி ஆயிரும்ணே."

எனக்கும் சரியென்றே பட்டது. உங்கள் அம்மாவையும் உங்களையும் அழைத்துப் போய்க் காட்டினேன். பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் டீயே குடித்து முடித்துவிட்டோம். திறந்ததும் மச்சான் பெயரைத் தேடித் தேடிப் படித்துச் சிரித்தாள் உங்கள் அம்மா. அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வேறு கம்ப்யூட்டரில் எப்படித் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற நேரம், சென்டர்காரர் வண்டியை வாசலில் நிறுத்தினார். பின்னால் ஒரு வாலிபர். சென்டர்காரர் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! பாத்தீங்களா? நம்ம சைட்டப் பாத்துட்டு மதுரையிலேருந்தே ஆள் வந்துருச்சு!"

அந்த வாலிபர் சிரிக்கவில்லை. சட்டை முழுக்க வேர்வை. என் முகத்தையும் கையிலிருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாம்பே குரூப் நீங்கதானாண்ணே?" என்றார். ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது.

"அண்ணி உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்குண்ணே. வாங்க."

முதலாளி, "போடா, போ, கைகூடக் கழுவாம ஏன்டா நிக்கிற?" என்று என்னைத் தள்ளினார். வாடகைக் கார் பிடித்தோம். அந்த வாலிபருடைய அண்ணன் மனைவிக்கு முந்தின இரவு தலைப்பிரசவம். பெண் குழந்தை. குழந்தை நன்றாக இருக்கிறது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ குரூப் என்று நினைத்து எந்த ரத்தப் பாக்கெட்டைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒத்துப்போகவில்லை. விடியும்போதுதான் இன்ன வகை என்று தெரிந்திருக்கிறது. மருந்தும் துணி அடைப்பும் வைத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ரத்தம் இல்லாமல் ஆபரேஷனுக்குக் கை வைக்க முடியாது.

அம்பாத்துரை தாண்டும்போது நான் கேட்டேன். "தம்பி, என் பக்கம் எப்பக் கெடைச்சுச்சு?"

"காலைல எட்டேகாலுக்குண்ணே."

அப்போது மணி ஒன்றரை.

அவரே காகிதத்தை நீட்டினார். "ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல சென்டர்ல எடுத்தது. இத வாசிங்கண்ணே, பாப்போம்."

என் பக்கம். என் பெயர், என் சொந்தக்காரர்கள் பெயர், என் ரத்தம். ஒரு எழுத்துகூட எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. கட்டமும் கொக்கியும் கேள்விக்குறியுமாக நிரம்பிக் கிடந்தது. எங்கள் சென்டர்காரர் பத்திரிகைக்கு வைத்திருந்த தமிழ் எழுத்து அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடத்தில் திறந்தால் இப்படித்தான் வருமாம். பாம்பே பிளட் குரூப் என்று நடுவில் இங்கிலீஷில் அடித்திருந்த ஒரே ஒரு வரிதான் வரியாகத் தெரிந்தது. என் போட்டோ கரி அப்பின மாதிரி இருந்தது.

"நம்பர் இருந்துச்சுல்ல தம்பி?"

"ஓடிக்கிட்டே இருந்துச்சுண்ணே. மஞ்ச எழுத்து, பின்னால வெளுத்த பாறை. பாறை மேல வரும்போது நம்பர் மறைஞ்சு போகுது. நாலஞ்சு வாட்டி எழுதுனேன். போன் போட்டா வேற எங்கயோ போகுது. ஒரு அம்மா, காலங்காத்தால வெளையாடுறியாலேன்னு திட்டி வச்சிருச்சு." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "அந்த மலைய எனக்குத் தெரியும்ணே. திண்டுக்கல்லுதான்னு பஸ் ஏறிட்டேன். பஸ் ஸ்டாண்டுல இந்தப் போட்டாவ காட்டுனா யாருக்கும் ஒங்களத் தெரியல. கோட்டுப் போட்ட ஆளு எங்க ஊர்ல ஏதுங்கிறாங்க. அப்புறம் ஒவ்வொரு சென்டரா ஏறி, மூணாவதுல இவரு, அட இது நான் அடிச்சதுன்னாரு."

சிரிக்க வேண்டிய பேச்சு. காரில் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வாடிப்பட்டியில் இரண்டு லாரி எதிரெதிராக நின்று வழியை அடைத்துக்கொண்டன. டிரைவர் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார். முகம் தெரியாத ஒரு பெண் செத்துப்போவாள், அவளைக் கொன்றது என் குத்துவிளக்கும் மஞ்சள் எழுத்தும்தான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதற்கு முன் நர்சம்மா கேட்டார், "ஒங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இந்தக் குரூப் இருக்கா? இன்னொரு பாட்டில் தேவைப்படலாம்."

"எம் பொண்ணுக்கு இருக்கு. ஒம்போது வயசு."

என் கையில் ஊசி ஏறியது. கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். பாப்பா, அன்றைக்கு நான் நினைத்ததை இதுவரை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உள்ளே கிடப்பது நீ. வளர்ந்து பெரியவளாகிப் பிள்ளை பெற்றுக் கிடக்கிறாய். உன் வீட்டுக்காரர் எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எவனோ ஒருத்தனுடைய ஓடுகிற நம்பரைத் துரத்திக்கொண்டிருக்கிறார். அந்த எவனோ நான் செய்ததைத்தான் செய்திருக்கிறான். கண்ணை மூடினால் இதுதான் வந்தது. அதனால் மூடவே இல்லை.

ஆபரேஷன் முடியச் சாயங்காலம் ஆனது. பிழைத்துவிட்டார். கருப்பையை எடுத்துவிட்டார்கள். வெளியே வந்த டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "காலைலயே நான் வந்திருந்தா எடுக்காம இருந்திருக்கலாமாய்யா?"

அவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே, "அதச் சொல்ல முடியாதுப்பா. எடுக்காம விட்டிருந்தாலும் விட்டிருப்போம். எடுத்திருந்தாலும் எடுத்திருப்போம். ஆளு இருக்குல்ல, அதப் பாரு" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் என் கேள்விக்குப் பதில் எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

அந்தப் பெண்ணின் தாயார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீரு எங்களுக்குச் சாமிய்யா" என்றார். எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அந்த வாலிபர் பக்கத்திலேயே நின்றார். அவருக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கைகள் விலகியிருக்கும். அவர் சொல்லவில்லை. என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது மட்டும், "அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுட்டேண்ணே. நீங்க சாப்ட்டுட்டுத் தூங்குங்க" என்றார். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

மறுநாள் சென்டர்காரரிடம் எல்லாம் சொன்னேன். அவருக்கு முதலில் முகம் சுருங்கிவிட்டது. பிறகு உட்கார்ந்து முழுசையும் அழித்தார். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. முதல் வரியில் ரத்த வகை, இரண்டாவது வரியில் ஊர், மூன்றாவது வரியில் போன் நம்பர், ஓடாமல், பெரிதாக. இங்கிலீஷில் ஒரு முறை, கீழே தமிழில் ஒரு முறை. தமிழ் எழுத்தைப் படமாக மாற்றி வைத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் என்று விசாரித்து வந்து அப்படியே செய்தார். விளக்கு போயிற்று, மலை போயிற்று, கோட்டு போயிற்று. மச்சான் பெயரும் போயிற்று. அவர் ஆறு மாதம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதனால் வலைத்தளமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அந்தப் பெண் இல்லை. ஆனால் அதை வாசிக்கப் போகிறவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர் பழைய கம்ப்யூட்டரில் பார்ப்பார். கண் மங்கினவராக இருப்பார். அவசரத்தில் இருப்பார், பாட்டுக் கேட்கிற நிலைமையில் இருக்க மாட்டார். அவருக்கு எது வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவது கீழே கிடக்கட்டும், நேரம் இருக்கிறவர் படித்துக்கொள்வார். நான் பத்தாவது தாண்டாதவன், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. போகாமல் இருப்பதும் நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்தை மாற்றியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உறவில் ஒரு துக்கம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் மட்டும் மதுரைக்கு பஸ் ஏறினேன். அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சென்டரில் ஏறி உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி என் பக்கத்தைத் திறந்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி, எட்டி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நம்பர் அசையாமல் நின்றது. தெரிந்த நம்பர்தான் என்றாலும் தெரியாத நம்பர் மாதிரி ஒரு துண்டுத் தாளில் பார்த்து எழுதினேன். வெளியே போன் பூத்துக்குப் போய், தாளைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டேன். அன்றைக்குக் கடை லீவு, எடுக்க ஆளில்லை என்று தெரியும். பூட்டின கடைக்குள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.