வளையக்காரி நின்ற இடம்

வௌவால் எச்சத்தின் நாற்றம் வந்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கோ அந்தப் புளித்த சூடான நாற்றத்தோடு கருங்கல்லின் குளிர்ச்சியும் முதுகில் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். திருத்தணியிலிருந்து திருப்பதி போகும் சாலையில், எங்கள் ஊரைத் தாண்டியதும் ஒரு பழைய கல் மண்டபம் இருந்தது. மலைக்கு நடந்து போகிறவர்கள் படுத்து எழுந்து போவதற்காக எந்தக் காலத்திலோ யாரோ கட்டிவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது அதில் நடைக்காரர்களும் இல்லை, விளக்கும் இல்லை, வௌவால்கள்தான் குடித்தனம் செய்துகொண்டிருந்தன. கத்திரி வெயிலில் ஆடுகளை வேலமரத்து நிழலில் விட்டுவிட்டு, நானும் தேசம்மா அக்காவும் உள்ளே போய்த் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வோம். தூணில் செதுக்கியிருந்த மீசைக்காரன் ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அக்கா "தலையாரி" என்று பெயர் வைத்திருந்தாள்.

நான் வீட்டில் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. கேட்டதற்குத் தலையாட்டுவேன், மிஞ்சிப்போனால் "ஆங்" என்பேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், வாத்தியார் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். ஊரில் எனக்கு "ஊமைச்சி" என்றே பெயர் நின்றுவிட்டது. அக்காவிடம் மட்டும், அதுவும் ஆடுகளோடு ஊரைத் தாண்டிப் போன பிறகு, எனக்குப் பேச்சு வரும். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும், அக்காவுக்குப் பதினைந்து, பதினாறு.

அந்தக் கோடையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, நகரிப் பக்கத்தில் இருந்த எங்கள் தாய்மாமன் மகன்தான். நாங்கள் பிறந்ததிலிருந்து "பாவா" என்று கூப்பிட்டவர். அவருடைய முதல் சம்சாரம் முந்தின வருஷம் கிணற்றில் விழுந்து செத்துப்போயிருந்தாள், கைக்குழந்தை ஒன்று இருந்தது. கால் தவறி விழுந்தாள் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். தண்ணீர்த் துறையில் பெண்கள் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள், நாங்கள் குடத்தோடு போனதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா கூலி வேலைக்காரர், பெண்ணைக் கேட்டு வந்தவர்கள் சொந்தக்காரர்கள், அந்தக் குழந்தைக்கும் ஒரு தாய் வேண்டும். இதற்குமேல் யோசிக்க வீட்டில் யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கு முன்னெல்லாம் அக்கா ஆடுகளை ஏரிக்கரையோடு நிறுத்திவிடுவாள். அந்தக் கோடையிலோ காலையில் கூழைக் குடித்ததும், "இன்னிக்கு நந்தி ஆத்தாண்ட போலாம்டி," "இன்னிக்கு பாறைக்கு அந்தாண்ட போலாம்டி" என்று ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் கிளம்பினாள். ஆடுகளுக்கு மேய்ச்சல் தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் போன இடங்களில் மேய்ச்சலும் இல்லை. தண்ணீரே இல்லாத ஆற்றில் மணலைத் தோண்டி ஊற்று பார்த்தோம். களாக்காய்ப் புதருக்குள் தலை இல்லாத ஒரு கல் நந்தி இருந்தது, அதன்மேல் ஏறி உட்கார்ந்து உப்பில்லாமலே களாக்காய் தின்று பல் கூசிப்போனோம்.

பாறைக்கு அந்தப் பக்கம் "பாண்டவர் வீடு" இருந்தது. பெரிய பலகைக் கற்களை நாலு பக்கமும் நட்டு, மேலே ஒரு பலகையைக் கவிழ்த்து, முன்பக்கக் கல்லில் தவழ்ந்து போகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை போட்டிருக்கும். வனவாசம் வந்தபோது பாண்டவர்கள் கட்டினது என்பார்கள். ஐந்து பேரும் இதில் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று நான் கேட்டேன்.

"பீமன் வெளிய படுத்துகினு இருந்திருப்பான்டி. உள்ள படுத்தா அவன் வுடற கொறட்டைக்குக் கல்லு பேந்து வுழுந்துடாது?" என்றாள் அக்கா.

நான் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டேன். பின்னால் வந்த அக்கா இடுப்போடு சிக்கிக்கொண்டாள். நான் உள்ளேயிருந்து இழுக்க, அவள் வெளியே கால் உதைக்க, ஓர் ஆடு வந்து அவள் பாவாடையை மென்று பார்க்க, சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. எப்படியோ பின்னால் நகர்ந்து வெளியே போனவள், "போன வருசம் போனேனே" என்றாள். அப்புறம் சிரிக்கவில்லை. ஓட்டையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே நின்றாள்.

கடைசியாகத்தான் வளையக்காரியிடம் போனோம். சோளக்கொல்லை வரப்பில் என் உயரத்துக்கு நட்டிருந்த ஒரு கல் அது. அதில் ஆளில்லை, முகமில்லை, ஒரு கை மட்டும் முழங்கையில் மடங்கி மேலே பார்த்து நிற்கும். மணிக்கட்டிலிருந்து வரிவரியாக வளையல், விரல்களுக்கு நடுவில் ஓர் எலுமிச்சம்பழம். வளையல் விற்க வந்த ஒருத்தி வெயிலில் தண்ணீர் கிடைக்காமல் இந்த இடத்தில் விழுந்து செத்தாள், அவள்தான் கல்லாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது எங்கள் ஊர்க்கதை. அதனால் வளையல்காரர் யார் வந்தாலும் முதலில் அந்தக் கல்லின் காலடியில் ஒரு ஜோடி வைத்துவிட்டுத்தான் தெருவுக்குள் வருவார். கல்யாணமாகிப் போகிற பெண்களும் வைப்பார்கள். உடைந்த வளையல் துண்டுகள் சிவப்பும் பச்சையுமாக மண்ணில் கிடக்கும், நாங்கள் பொறுக்கி விளையாடுவோம். அந்தக் கல் உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்து யாருடையது பொருந்துகிறது என்று பார்ப்பது எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிற ஆட்டம்.

அன்றைக்கு அக்கா தன் கையை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. உடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, வரப்பில் குந்தி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குப் பயமா கீதுடி. அந்தக் கெணத்தாண்டதான் நானும் தண்ணி எடுக்கணும். அம்மா கிட்ட சொன்னேன், மொறப்பையன் வூட்டுக்குப் போறதுக்கு இன்னாடி பயம்னு கேக்குது. நீ நைனா கிட்ட சொல்லேன். நீ வாயத் தொறந்து ஒண்ணு கேட்டா நைனா இல்லன்னு சொல்ல மாட்டாரு."

நான் "ஆங்" என்றேன்.

அந்த வாரமே பாவா கல்யாணப் பேச்சுக்காக வந்திருந்தார். நைனாவும் அவரும் களியும் ஏரி மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பரிமாறினாள், நான் ஓரமாக என் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை முன்னால் வரக்கூடாது என்பதால் அக்கா பின்கட்டில் ஆடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாவா இருக்கிறாரே என்று தயங்கினேன். ஆனால் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, நைனாவும் வேலையில்லாமல் உட்காருவது சோற்றுக்கு முன்னால்தான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"நைனா, அக்காவ அனுப்பாத. அக்காவுக்குப் பயமா கீது."

முதல் பாதியிலேயே அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "அய்யய்யோ, ஊமைச்சி பேசிச்சி! பாருய்யா, எம்மாம் தெளிவாப் பேசிச்சி!" என்று கத்தினாள். நைனாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "மலைமேல கீறவன் வாயத் தொறந்து வுட்டுட்டான்டி. இனிமே இத்த மூடறதுக்கு ஒரு வேண்டுதல் வெக்கணும்" என்றார். பாவா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்: "இன்னாடி மச்சினிச்சி, வாயத் தொறந்ததே தொறந்த, மொதல் பேச்சே எனக்கு எதிரா கீதே!" அவர் தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் பின்பாதியை இன்னொரு முறை சொன்னேன். அதற்குள் அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டிருந்தாள், என் பேச்சு அவள் புடவைக்குள்ளேயே போய்விட்டது. "கூடப் பொறந்தவள வுட்டு இருக்க முடியல கொழந்தைக்கு" என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஊமைச்சி பேசினாள், அக்காவைப் பிரிய முடியாமல் பேசினாள். கல்யாணம் முடிகிற வரைக்கும் பார்த்தவர்கள் எல்லாம் என் கன்னத்தைக் கிள்ளி அதையே கேட்டார்கள். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவளை ஆடு மேய்க்கவும் அனுப்பவில்லை, வெயில் படக்கூடாது என்று உள்ளேயே உட்கார வைத்து மஞ்சள் பூசினார்கள். கிட்டப் போனால் பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள். எனக்கோ மற்றவர் முன்னால் நாக்கு அசையாது.

தாலி கட்டு திருத்தணி மலைமேல் நடந்தது. படி இறங்கி வந்து, ஊருக்கு வந்து, போகும்போது அக்கா வளையக்காரி காலடியில் ஒரு ஜோடி வைத்தாள், கல்லின் கையைத் தொடவில்லை. நகரி பஸ் மண்டபத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் ரோட்டிலேயே நின்றிருந்தேன்.

அதற்கப்புறம் நகரிப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். ஆடிக் கிருத்திகைக்கு அக்கா வருவாள், இடுப்பில் அந்தப் பிள்ளை, அப்புறம் தன் பிள்ளை. இளைத்திருப்பாள். பிள்ளைக்குப் பல் வந்தது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதைப் பற்றியே பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கேட்க வாய் வராது.

எனக்கு உள்ளூரிலேயே கல்யாணமாகி, பெரியவன் நடை பழகின சமயம், கேமராவோடு ஒருவர் வந்து வளையக்காரியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். களை எடுத்துக்கொண்டிருந்த நாங்கள் அவருக்கு எங்கள் கதையைச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "அப்படி இல்லைம்மா, புருஷன் செத்தபோது அவனோடு நெருப்பில் இறங்கின ஒரு பெண்ணுக்கு நட்ட கல் இது, வளையலோடு போனாள் என்பதற்காகக் கையைச் செதுக்கியிருக்கிறார்கள்" என்றார். கூட இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கையில் இருந்த களைக்கொத்து நழுவிவிட்டது. எத்தனை பெண்கள் அதில் கையை வைத்துப் பார்த்தோம்.

இப்போது நான் திருத்தணியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பாவா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. போன ஆடியில் வந்த அக்கா, பழைய இடமெல்லாம் ஒரு தடவை பார்க்கணும் என்றாள். ஷேர் ஆட்டோவில் போனோம். ரோட்டை அகலமாக்கினபோது மண்டபத்தை எடுத்துவிட்டார்கள், அது இருந்த இடத்தில் லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. பாறையில் பாதி ஜல்லியாகப் போய்விட்டது, பாண்டவர் வீட்டுப் பக்கம் மனை போட்டு வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். சோளக்கொல்லை பள்ளமாகக் கிடந்தது, மண் எடுத்திருந்தார்கள். அங்கே இருந்த ஒரு பையனிடம் கை போட்ட கல் எங்கேப்பா என்று கேட்டேன். "எந்தக் கல்லு பாட்டி?" என்றான்.

பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். அக்காவும் நானும் மட்டும் தனியாக உட்கார்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு நான் நைனா கிட்ட சொன்னேங்க்கா."

"ஆங், ஊரே சொல்லிச்சே. என்ன வுட்டு இருக்க முடியலன்னு சொன்ன."

"இல்லக்கா. உனக்குப் பயமா கீதுன்னும் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல அது கேக்கல."

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள். "சொன்னியா? நான் சொன்னத வுட்டுட்டு, உன் மனசுல கீறத மட்டும் சொல்லிட்டன்னு நெனச்சிகினு இருந்தேன்டி. இத்தினி வருசமா."

"ரெண்டு தடவ சொன்னேங்க்கா."

லாரி ஒன்று போய்ப் புழுதி அடங்கியது. நான்தான் கேட்டேன்: "அங்க பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சி. ரொம்ப நாளு கெணத்தாண்டயே போவல, அத்தைதான் தண்ணி கொணாரும். அப்பறம் அந்தப் புள்ள நடக்க ஆரம்பிச்சிச்சி. எப்பப் பாத்தாலும் கெணத்தாண்ட ஓடும். பின்னாடியே ஓடிப் புடிக்கணும் இல்ல? அப்பிடியே பயம் பூட்ச்சி." பஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை உதறினாள். "அவ எப்பிடி வுழுந்தான்னு கேக்கப்போற. அத்த நான் யாரையும் கேக்கலடி."

பஸ் ஏறிப் போய்விட்டாள். அக்காவுக்குப் போன பயம் எனக்குப் போகவில்லை. நகரியிலிருந்து போன் என்று மகன் நீட்டினால், காதில் வைப்பதற்கு முன்னால் இன்றைக்கும் அவன் முகத்தைத்தான் பார்க்கிறேன்.