கீமோவுக்கு முன்னால் ஒரு குரங்கு

திருத்தணி மலைமேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் புளுகில்லை! கல்யாணச் சவாரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆஸ்பத்திரிச் சவாரியில் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். வாடகைக் கார் ஓட்டும் சகாக்களே, அந்த மௌனத்தைத் திருத்தணியிலிருந்து சென்னை வரை சுமந்தவர்களுக்குத்தான் இது புரியும்.

குரங்கு ஏறிய வண்டி

அம்மையார்குப்பம் ரேவதிக்கு இருபத்தாறு வயசு. கல்யாணமாகி ஒரு வருஷம், மார்பில் புற்றுநோய். கீமோ பற்றிப் பேச மாமியார் கன்னியம்மாவோடு என் காரில் சென்னை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழியில் கன்னியம்மா டீ குடிக்க இறங்கியதும், அப்பா வயசுக்காரனான என்னிடம் ரேவதி மெல்லக் கேட்டாள்: "நைனா, இந்த மருந்து ஏத்தினா குழந்தையே பொறக்காதாமே, நெசமா?"

"டாக்டரைக் கேளும்மா."

"அத்தை பக்கத்துலயே குந்திகினு இருப்பாங்க. எப்படிக் கேக்கறது?"

அவர்கள் டாக்டர் அறைக்குள் போன ஐந்தாவது நிமிஷம் கதவைத் திறந்தேன். "கன்னியம்மா, ஓடியாங்க! நம்ம மலைக் குரங்கு ஒண்ணு டிக்கியில ஏறி வந்துகினு இருந்திருக்கு. உங்க பையைத் தூக்கிகினு ஓடிப்பூட்டுது!" கால்மணி நேரம் இருவரும் ஒவ்வொரு காரின் அடியிலும் குனிந்து தேடினோம். பை எங்கள் வண்டி சீட்டிலேயே இருந்தது. கன்னியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இங்க குரங்குன்னு பார்த்தா உன் ஒருத்தன் மூஞ்சிதான்யா தெரியுது!"

கரண்ட் போனால்

அந்தக் கால்மணியில் டாக்டர் சொன்னதை ரேவதி திரும்பும் வழியில் எங்கள் இருவரிடமும் சொன்னாள். கீமோ மருந்து சினைப்பையில் இருக்கும் முட்டைகளையும் அழிக்கலாம். எவ்வளவு என்பது மருந்தையும் வயசையும் பொறுத்தது. ஆரம்பிக்கும் முன்பே முட்டைகளை எடுத்து உறையவைக்கலாம். இரண்டு வாரம் ஆகும். அவள் நோய்க்கு அவ்வளவு நாள் காத்திருக்கலாமாம். கன்னியம்மா "முதல்ல உயிர்" என்று ஒரே பிடி. மறுநாள் புருஷன் குமார் பவர்லூம் தறியை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தான். "அவ ஆசைப்படறாம்மா, எடுத்துடலாம்" என்று அவன் சொன்ன பிறகுதான் கன்னியம்மா அடங்கினாள்.

முட்டை எடுத்த அன்று, கரண்ட் போய்த் தறி நிற்பதையே பார்த்துப் பழகிய கன்னியம்மா நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். அது கரண்டில் ஓடும் பெட்டியில்லை, திரவ நைட்ரஜன் என்று அந்தப் பெண் மூன்று தடவை சொல்லியும் விடவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும்மா, எங்க ஊர் மாதிரி நாள் பூரா கரண்ட் போனா என் பேரப்புள்ளைங்க கெட்டுடாதா?"

ஆர்.கே.பேட்டைப் பொம்பளை

முதல் கீமோவுக்கு முன்னாலேயே ரேவதி மலையில் முடி இறக்கிவிட்டாள். திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மருந்தெல்லாம் முடிந்து, முடி காதுவரை வளர்ந்தது. மாதவிலக்கு மட்டும் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் கரு தங்கும் என்று சொல்லமுடியாது, எடுத்துவைத்த முட்டைக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று ஊர் திரும்பும்போது திருவள்ளூர் தாண்டியும் வண்டியில் பேச்சில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. "ஆர்.கே.பேட்டையில ஒரு பொம்பளை, இதே மருந்து ஏத்திகினு..." என்று ஆரம்பித்தேன். இரட்டைப் பிள்ளை வரை கதை தயார். ரேவதி என் சீட்டின் முதுகில் கை வைத்தாள். "வேணாம் நைனா. எல்லாத்துலயும் புளுகு, இதுல மட்டும் புளுகாத."

எத்தனையோ சவாரியில் வாய்க்கு வந்த கதையை நான் முழுங்கியது அந்த ஒரு தடவைதான், அதுவும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. இதையெல்லாம் சொன்னது யாரென்று மட்டும் தயவுசெய்து எவரிடமும் மூச்சு விடாதீர்கள்.