ஒரு பெயருக்கு ஒரு கரண்டி

கடைக்கு வருகிற கைக்குழந்தையின் வயிற்றைத்தான் டோன்யா எத்தெல்வீனா முதலில் கிள்ளுவாள். தாய்க்கு என்ன வேண்டும் என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஒரு கையில் வாழை இலை, இலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, அதன் மேல் மொறுமொறுவென்று பன்றித்தோல் வறுவல். மறு கை குழந்தையின் சட்டைக்குள் போயிருக்கும். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் தூக்கி விடுவாள். தோல் சட்டென்று படுத்துக்கொண்டால், "போடி, உம் புள்ள தக்காளி மாதிரி இருக்கு" என்பாள். பிறகு கிள்ளின கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முட்டைக்கோஸை அள்ளி இலையில் வைப்பாள். இதற்குள் பஸ் போய்விடும். எங்கள் ஏரிக்கரை பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டவர்களில் பாதிப் பேர் அவளால் விட்டவர்கள்.

பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை. சந்தியில் வெயிலில் நின்றுவிட்டு வந்த போக்குவரத்துப் போலீஸ்காரனை ஒருநாள் முழங்கையில் கிள்ளிவிட்டாள். அவன் திடுக்கிட்டு விசிலை ஊத, ஒரு லாரியும் இரண்டு குதிரை வண்டிகளும் நடுத்தெருவில் நின்றுவிட்டன. "தண்ணி குடி மகனே, உந்தோலு என் கடை வறுவலாட்டம் நிக்குது" என்றாள். அவன் குடித்தான். குடித்து முடித்த பிறகுதான் லாரிக்கு வழி கிடைத்தது.

டோன்யா என்பது பெண்களுக்கும் டான் என்பது ஆண்களுக்கும் நாங்கள் வைக்கிற மரியாதை; ஆனால் எத்தெல்வீனா எனக்குத் தங்கை முறை. என் தாயின் சிற்றப்பா மகள் பிலோமேனா, எத்தெல்வீனாவின் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். இதை நான் சொல்லும்போதெல்லாம், "அப்படியாண்ணே?" என்று புதிதாய்க் கேட்பதுபோல் கேட்பாள். தன் சொந்தமே நினைவில் நிற்காத ஒருத்திதான் ஊரார் சொந்தத்தை வைத்து வைத்தியம் பார்க்கிறாள்.

அவளைப் பெற்ற அம்மா உச்சி தூக்குகிறவள். குழந்தைக்குப் பேதியும் வாந்தியுமாகி, உச்சந்தலையில் உள்ள மெத்தென்ற இடம் பள்ளமாய் உள்ளே போய்விட்டால், "உச்சி விழுந்துருச்சு" என்பார்கள் எங்கள் ஜனங்கள். விழுந்ததைத் தூக்க வேண்டும் அல்லவா? குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாக்கி உள்ளங்காலில் தட்டுவார்கள். கட்டைவிரலை வாய்க்குள் விட்டு அண்ணத்தை மேலே நெட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிக்க எதுவும் கொடுக்க மாட்டார்கள். உள்ளே போவதுதானே வெளியே வருகிறது என்பது கணக்கு. எத்தெல்வீனாவும் வயதுப் பெண்ணாய் இருந்தபோது இதையே செய்துகொண்டிருந்தாள், சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் லிசேத் வந்து சேரும் வரைக்கும்.

லிசேத் அதட்டவில்லை. கடைக்கு வந்து, கிழங்கு தின்றுகொண்டே கேட்டாள்: "குடத்துல தண்ணி வத்திப்போச்சு. குடத்தத் தலைகீழா கவுத்துத் தட்டுனா தண்ணி ஊறுமா, டோன்யா?"

எத்தெல்வீனா அன்றைக்குக் கிழங்கில் உப்புப் போடக்கூட மறந்துவிட்டாள். அதோடு குழந்தைகளைக் கவிழ்ப்பதை விட்டாள். ஆனால் உச்சி தூக்குகிறவள் என்ற பட்டத்தை விடவில்லை. பட்டத்தை விட்டால் வீட்டு வாசலுக்கு யார் வருவார்கள்?

சுகாதார நிலையத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் கொடுக்கிறார்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஒரு பொட்டலம் முழுக்கக் கரைத்து, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்ட வேண்டும். எங்கள் பெண்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் என்பது தெரியாது. பாட்டிலோடு கவிழ்த்துவிடுவார்கள். குழந்தை மொத்தத்தையும் கக்கும். "இந்த மருந்து ஒத்துக்கல" என்று மீதியைக் கோழிக்கு ஊற்றுவார்கள். கோழிகள் செழிப்பாய்த்தான் இருந்தன.

அதற்கு எத்தெல்வீனா கண்டுபிடித்த வழிதான் பெயர் சொல்வது. குழந்தையின் உறவில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும், ஒரு கரண்டி கொடுக்க வேண்டும். வெறும் பெயர் செல்லாது. இன்ன உறவு என்று சொல்லி, அவரைப் பற்றி ஒரு சங்கதியும் சொல்ல வேண்டும். இருப்பவரானாலும் சரி, செத்தவரானாலும் சரி. சங்கதி முடிந்த பிறகுதான் அடுத்த கரண்டி. நடுநடுவே தாய்ப்பாலும் உண்டு. பால் குடிக்கும்போது சங்கதி வேண்டாம், எல்லாரும் வாயை மூடிக்கொள்ளலாம்.

"இது வைத்தியமா, ஞானஸ்நானமா?" என்று லிசேத் தலையில் அடித்துக்கொள்வாள். "பேருல ஒண்ணுமே இல்ல டோன்யா. கரண்டியிலதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதாம்மா? சும்மா மெதுவாக் குடுன்னா எவ குடுப்பா? ஊர்வம்பு பேசிக்கிட்டே குடுன்னு சொல்லிப் பாரு, எந்திரிக்க மாட்டாளுக."

துவண்டு கிடக்கிற குழந்தையை மட்டும் அவள் தொடவே மாட்டாள். கூப்பிட்டால் கண் திறக்காத, கரண்டியை விழுங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தபோது, செருப்பைக் கழற்றிக்கொண்டு அவளைச் சுகாதார நிலையம் வரைக்கும் விரட்டினாள். "எங்கிட்ட ஏண்டி வந்த? ஓடு, ஓடு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பிள்ளை பிழைத்தது. தாய் மட்டும் இன்றைக்கும் இவளைக் கண்டால் நடையை எட்டிப் போடுகிறாள்.

போன மே மாதம், முதல் மழை பெய்து மாம்பழம் அழுகிக் கிடந்த சமயம், டோன்யா நிக்கோலாசாவின் பேரன் எல்மெருக்குப் பேதி கண்டது. தவழ ஆரம்பித்த பையன். பெயர் சொல்ல ஆள் வேண்டுமென்று எத்தெல்வீனா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் உள்ளே நுழையும்போது, நிக்கோலாசாவின் புருஷன் டான் காசிமிரோ பையனைத் தலைகீழாய்ப் பிடித்து உள்ளங்காலில் பட்பட்டென்று தட்டிக்கொண்டிருந்தார்.

"டான் காசிமிரோ! அது புள்ளயா, செருப்பா? மண்ணத் தட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"உச்சி விழுந்துருச்சு டோன்யா."

"உங்க உச்சி எப்ப விழுந்துச்சு? குடுங்க இங்க."

வாங்கி மடியில் போட்டுப் பார்த்தாள். உச்சிக்குழி பள்ளம். கண்ணும் உள்ளே போயிருந்தது. நாக்கு உலர்ந்து கிடந்தது. பையன் அழுதான், ஆனால் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வயிற்றில் கிள்ளி விட்டாள். தோல் உடனே படுக்கவில்லை, சோம்பேறி மாதிரி யோசித்துவிட்டுப் படுத்தது. காலையிலிருந்து துணி நனையவில்லை என்றாள் பையனின் தாய் யாமிலெத். பேதி நிற்கட்டும் என்று நேற்றிலிருந்து தண்ணீரை நிறுத்தினது நிக்கோலாசாவின் யோசனை.

பொட்டலத்தை லிட்டர் பாட்டிலில் கரைத்து, யாமிலெத் கரண்டியை நீட்டினதும் பையன் அதை இரண்டு ஈறாலும் கவ்விக்கொண்டான். விடவேயில்லை. எத்தெல்வீனா லிசேத்துக்குப் போன் போட்டாள். லிசேத் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது: "குடிக்கிறானா? முழிச்சுப் பாக்குறானா? அப்ப ஆரம்பிங்க. குடிக்கிறத நிறுத்தினாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, குடுக்கக் குடுக்க எல்லாத்தையும் கக்கினாலோ, ஒரு பேரும் வேணாம், நேரா இங்க வந்துடணும். பாட்டில் பாதிக்கு வர்றதுக்குள்ள ஒண்ணுக்குப் போகலேன்னாலும் வந்துடணும். வண்டி வாசல்லயே நிக்கட்டும்."

டான் காசிமிரோ தன் பழைய பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து, இப்போதே கிளம்புகிறவர்போல் இஞ்சினைப் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா சிப்ரியானோ" என்று நிக்கோலாசா ஆரம்பித்தாள். "கழுதைக்குக் கரியால மீசை வரைஞ்சு, அத மேயர் பேரச் சொல்லிக் கூப்பிட்டவரு." ஒரு கரண்டி. "எந் தம்பி எவாரிஸ்தோ. ஒரே பொம்பளய ரெண்டு தரம் கல்யாணம் பண்ணவன். முதத் தரம் போதையில நடந்தது மறந்துபோச்சாம்." ஒரு கரண்டி. அவளுக்கு நினைவு தடுமாறிய இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். பல் கட்டிக்கொண்டு முதல் நாளே அதை ஏரியில் தொலைத்த பெரியம்மா, பாதிரியாருடன் சேவல் சண்டைக்குப் போன ஒன்றுவிட்ட மாமன் என்று ஒருவரையும் விடவில்லை. பாட்டில் கொஞ்சம் இறங்கியது. பெயர் தீர்ந்துவிட்டது.

"அப்பன் வழி சொல்லு" என்றாள் எத்தெல்வீனா.

"அப்பன் வழி கெடையாது."

"அம்மா!" என்று யாமிலெத் கத்தினாள். "அப்ப இவன நான் சந்தையில வாங்கினேனா?"

பையனின் அப்பன் கோஸ்டாரிக்காவில் காப்பி பறிக்கப் போயிருந்தான். அவனைப் பெற்ற டோன்யா பாஸ்தோராவும் நிக்கோலாசாவும் சம்பந்திகள். அவர்கள் பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு, வாழை இலையில் கட்டின சோளமாவு நகதமால் அவிக்கப் பாஸ்தோரா பெரிய பானையை இரவல் கொடுத்தாள். பானை திரும்பி வந்தது, மூடி வரவில்லை. பாஸ்தோரா வாசலில் உட்கார்ந்து புலம்பியதை அவள் கிளி கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிவிட்டது. நிக்கோலாசா அந்தப் பக்கம் போனால், "நிக்கோலாசா, மூடி எங்க?" என்று தெரு கேட்கக் கூவும். அதனால் நிக்கோலாசா கோயிலுக்குக்கூட கசாப்புக்கடைத் தெருவைச் சுற்றித்தான் போவாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. பையன் அதைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினான். எத்தெல்வீனா நிக்கோலாசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்தோரா" என்றாள் நிக்கோலாசா, வேப்பெண்ணெய் குடித்தவள்போல.

ஒரு கரண்டி. "சங்கதி?"

"என்ன சங்கதி? பொய்க்காரி."

"திட்டும் செல்லும். சொல்லு."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அந்தப் பானைக்கு மூடியே இருந்ததில்லை என்றாள். ஒரு கரண்டி. கல்யாணத்தில் பாஸ்தோரா அழுதது ஆனந்தத்தில் இல்லை, செருப்புக் கடித்ததில் என்றாள். ஒரு கரண்டி. சொந்தக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து வைத்தாலும் இந்த ஒருத்திக்கு இருந்த அளவு சங்கதி இல்லை. எனக்கு இனி வேலை இல்லை என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"மூடி இருந்துச்சு" என்று வாசலில் ஒரு குரல். பாஸ்தோரா, குடையை மடக்காமல் நின்றாள். பேரனுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு ஓடி வந்தவள், நிலைப்படியைத் தாண்ட மனமில்லாமல் நின்றுவிட்டாள். "பச்சைக் கைப்பிடி போட்ட மூடி. யாமிலெத்து, நீ கரண்டிய நிறுத்தாதம்மா."

"கைப்பிடியாம்! ஒனக்குக் கண்ணும் கெடையாது, கைப்பிடியும் கெடையாது!"

"நீ போட்ட கல்யாணச் சோத்துல உப்பும் கெடையாது!"

சண்டை சூடு பிடிக்க, யாமிலெத்தின் கையும் கூடவே வேகம் பிடித்தது. பையன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

வெளியே டான் காசிமிரோ இஞ்சினை உறுமவிட்டார். பாஸ்தோராவின் குடை தானாக மடங்கிக் கீழே விழுந்தது. எத்தெல்வீனா பையனை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, வாயைத் துடைத்து, முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவன் விழித்திருந்தான். அவள் விரலைத் தேடி உறிஞ்சினான்.

"அவசரமாக் குடுத்ததுல கக்கிட்டான். வயிறு அடங்கட்டும், கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்" என்றாள். சும்மா இருந்தோம். அந்தத் தெருவில் அவ்வளவு நேரம் யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு அவள் சொன்னாள்: "இப்ப ஆரம்பிங்க. ஆனா மெதுவாச் சண்ட போடணும். மறுபடி கக்கினா வண்டிதான்."

"நீ..." என்றாள் நிக்கோலாசா. ஒரு கரண்டி. "ஒரு..." யாமிலெத் பையனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது. "கஞ்சப்பய மக."

பாஸ்தோரா உள்ளே வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். யோசித்து, மரியாதையாய், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்கிறவள்போல் பதில் சொன்னாள்: "நீ... கோழிய... கொழம்புல... குளிப்பாட்டி மட்டும்... எடுக்குறவ."

அப்படியே போனது. ஒருத்தி வைவாள், மற்றவள் அவனுக்குத் தொண்டையில் இறங்கும் வரைக்கும் காத்திருப்பாள், பிறகு தன் முறைக்கு வைவாள். டான் காசிமிரோ அடிக்கடி ஹாரன் அடித்து, "போலாமா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல!" என்று சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டுவார்கள். பையன் எத்தெல்வீனாவின் மடியிலிருந்து நிக்கோலாசாவின் மடிக்குப் போனான். பாட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. பாதிக்கு இன்னும் ஒரு விரல் அளவுதான் இருந்தது. எத்தெல்வீனா அந்த ஒரு விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனைப் போர்த்தத் துணி எங்கே என்று யாமிலெத்திடம் தணிந்த குரலில் கேட்டுவைத்தாள்.

"ஓங் கிளி..." என்று ஆரம்பித்த நிக்கோலாசா, வாயைத் திறந்தபடி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என் கிளிக்கு என்ன?" என்றாள் பாஸ்தோரா.

நிக்கோலாசா பாவாடையைக் குனிந்து பார்த்தாள். தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் நனைந்து, பெஞ்சிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ்தோரா குனிந்து தொட்டுப் பார்த்தாள். கையை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"போய்ட்டான்!" என்று இரண்டு பேரும் தெரு கேட்கக் கூவினார்கள். காசிமிரோ "போய்ட்டான்" என்றதைத் தப்பாய் எடுத்துக்கொண்டு, வண்டியிலிருந்து குதித்துத் தலையில் அடித்தபடி உள்ளே ஓடி வந்து, ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்தார். விழுந்த சத்தத்தில் எல்மெர் வீறிட்டு அழுதான். கன்னத்தில் கண்ணீர் உருண்டது. யாமிலெத் அதைத் துடைக்கவேயில்லை, வழிகிறதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாத்தாவும் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். அவருக்கும் கண்ணீர் நன்றாகவே வந்தது.

"மீதியையும் குடுங்க. பேதி நிக்கிற வரைக்கும் விடக்கூடாது. பாலும் நிறுத்தக்கூடாது" என்று சொல்லிவிட்டு, எத்தெல்வீனா எல்லாருக்கும் காப்பி போடுகிறேன் என்று சமையல் மூலைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தீக்குச்சியைக் கிழித்தாள், முறிந்தது. இன்னொன்று கிழித்தாள், அதுவும் முறிந்தது. அடுத்ததைப் பெட்டியில் வைக்கவே முடியவில்லை, குச்சிகள் தரையில் சிதறின. அவள் அவற்றைப் பொறுக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவை எழுந்துவிடாதபடி அமுக்கிக்கொண்டாள்.