படிக்கட்டுக்குக் கீழே பிள்ளையார்

இதை எழுத நான்கு வருடம் கூச்சப்பட்டேன். இப்போது தைரியமாகவே எழுதுகிறேன்.

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட, என் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினேன். அதற்கான படிக்கட்டை, மதிலை ஒட்டிக் காலியாக விட வேண்டிய சந்திலேயே எழுப்பிவிட்டேன். மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்து வீட்டு செல்லம்மக்காவின் அடுக்களைக்குள் புகுந்தது. விதிமீறலுக்கு விளக்கம் கேட்டுப் பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது.

நான் விளக்கம் எழுதவில்லை. படிக்குக் கீழே ஒரு பிள்ளையாரை வைத்து விளக்கேற்றினேன். சாமி இருக்கிற இடத்தில் யார் கை வைப்பார்கள் என்ற நினைப்பு.

பார்வையிட வந்த அதிகாரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளையார் நோட்டீஸுக்கு முந்தி வந்தாரா, பிந்தி வந்தாரா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற செல்லம்மக்கா, "எங்க அடுக்களைல தண்ணி நிக்கிது, இவரு இங்கன காவலுக்கு ஆளு போட்டுருக்காரு மேடம்" என்றாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"பிந்திதான் மேடம்."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க."

தவறு என்னுடையது, படியை நானே இடித்துவிடுகிறேன் என்று அன்றே என் கையால் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையாரைப் பூஜை அறைக்குக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சீசன் முழுக்க மாடி அறை ஏறுவதற்கு வழியில்லாமல் சும்மா கிடந்தது. ஆனால் அடுத்த மழையில் தண்ணீர் சந்து வழியே நேராக ஓடியதை நானும் செல்லம்மக்காவும் நின்று பார்த்தோம். இப்போது மழை வந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

இதைப் பிறரிடம் சொல்லுங்கள். பிள்ளையாரைக் காவலுக்கு வைத்தவன் நான் என்பதை மட்டும் மறைக்காமல், உள்ளபடியே சொல்லுங்கள்.